தலைவர் வீட்டுக் கொசுப்புழு

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். மலாக்காவில், பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். கவுண்டரில் இருந்த சின்ன மிஸ்ஸி மாத்திரைகளோடு ஒரு குட்டிப் பெட்டியையும் என் பக்கம் தள்ளினாள். எங்கள் ஊரில் தாதியர் எல்லோருக்கும் மிஸ்ஸி என்றுதான் பெயர். நானும் ஓய்வு பெறும் வரை மிஸ்ஸியாக இருந்தவள்தான்.

“இது என்னாமா?”

“எச்.ஐ.வி. டெஸ்ட், ஆன்ட்டி. ஈறுல தேய்ச்சு வீட்லயே பாத்துக்கலாம். ஃப்ரீ லா.”

“என்னைப் பாத்தா உனக்கு அப்படியா தெரியுது?”

“ஐயோ, எல்லாருக்கும்தான் குடுக்கறோம் ஆன்ட்டி. ஆள் பாத்துக் குடுத்தா, வாங்கிட்டுப் போறது யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்ல?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே என் டாக்டர் இதைத்தான் என் மண்டையில் ஏற்றினார். சமர்த்துப் பெண் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு பெட்டியைப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்ததுதான் தாமதம், வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். “இந்த வயசுல உனக்கு என்னடி சந்தேகம்?” என்றார். “எனக்கில்லங்க, உங்களுக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்” என்றேன். பாவம், அன்றைக்கு முழுவதும் மனிதர் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தன் வாலிபக் காலத்தை வருஷம் வருஷமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

வேலைக் காலத்தைப் பற்றி எழுதச் சொல்லி எனக்குப் பின்னால் வந்த மிஸ்ஸிகள் ரொம்ப நாளாக நச்சரிக்கிறார்கள். அந்தப் பெட்டியே பிள்ளையார் சுழியாக இருக்கட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டில் விரித்தேன், திட்டு வாங்கினேன், ஊசி போடக் கற்றேன், மறுபடியும் திட்டு வாங்கினேன். அதன்பின் என்னை ஜாசின் பக்கம் ஒரு கிளினிக்கில் எச்.ஐ.வி. பிரிவுக்குப் போட்டார்கள். எனக்கு ஏதோ தனித் திறமை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற மிஸ்ஸிகள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் ஒரு காரணமும் தோன்றவில்லை.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் ஜமால். மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய் இருக்கும். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு நோயாளியைப் பற்றி அவரிடம் குனிந்து காதோரமாகச் சொல்லப் போனேன். மனிதர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“மிஸ்ஸி, வராந்தாவுக்குப் போங்க. அங்கருந்து என்னைப் பாத்து ‘சக்கரை கூடிருச்சு டாக்டர்’னு கத்துங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போய்க் கத்தினேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை.

“பாத்தீங்களா? கத்துனா எவனும் திரும்ப மாட்டான். கிசுகிசுன்னு பேசுனா ஊரே காதைத் தீட்டிக்கிட்டு வரும். இனிமே இந்தக் கிளினிக்ல கிசுகிசு கிடையாது. சத்தமாப் பேசணும். ஆனா வேற எதையாச்சும் பேசணும்.”

பரிசோதனை முடிவைச் சொல்வதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்களாகப் பேசும்வரை நாம் பேசக் கூடாது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாதது தண்ணீர் விஷயம். ஒருமுறை நல்ல எண்ணத்தில் நோயாளி வருவதற்கு முன்பே ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்து வைத்தேன். டாக்டர் அதை எடுத்து மளமளவென்று தானே குடித்துவிட்டார். “உள்ள வந்தவன் தண்ணியப் பாத்தவுடனே ‘நம்ம கதை முடிஞ்சுது’ன்னு நெனைப்பான். குடுத்தா எல்லாருக்கும் குடுங்க, இல்ல ஒருத்தருக்கும் குடுக்காதீங்க” என்றார். அன்றிலிருந்து சளி என்று வந்தவருக்கும் எங்கள் கிளினிக்கில் தண்ணீர் கிடைத்தது. கிளினிக்கில் கவனிப்பு பிரமாதம் என்று ஊரில் ஒரே பேச்சு.

கிளினிக்குக்குள் ரகசியத்தைக் காப்பது சுலபம். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் தலைவலி. அரசாங்க வெள்ளை வேன் தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குள் நுழைந்தால், அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று கோழி முதற்கொண்டு பார்க்கும். டாக்டர் யோசித்து என்னைக் கொசு ஒழிப்பு வேனில் ஏற்றிவிட்டார். கையில் டார்ச் லைட், ஒரு நீளக் கரண்டி, பையில் கண்ணாடிச் சீசா. டெங்கி சோதனை என்ற பெயரில் லயத்தில் ஒரு வீடு விடாமல் நுழைந்து, தண்ணீர்த் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் ஜெந்திக்-ஜெந்திக் தேட வேண்டும். கொசுப்புழுவுக்கு இங்கே அதுதான் பெயர். எந்த வீட்டுக்காக வந்தேனோ அந்த வீட்டிலும் மற்ற வீடுகளைப் போலவே சமையலறைப் பின்பக்கம் வரை போய், மருந்து ஒழுங்காகப் போடுகிறார்களா, உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு வருவேன். ஒரு வீட்டுக்குப் போக எல்லா வீட்டுக்கும் போக வேண்டியிருந்தது. அதனால் அந்தத் தோட்டங்களில் கொசுவுக்கு வாழ வழியில்லாமல் போனது தனிக் கதை.

அப்படி நான் போய்வந்த ஒரு தோட்டத்தில்தான் ராணி இருந்தாள். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ராணி என்பதும் நான் வைத்த பெயர். தோட்டங்களில் ராணிகளுக்குப் பஞ்சமே கிடையாது, தேடிக் களைத்துப் போவீர்கள்.

ராணியின் புருஷன் லாரி ஓட்டியவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் இவளுக்கும் கிருமி இருப்பது தெரிந்தது. பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். பிழைப்புக்குச் சமையல். சமையல் என்றால் வீட்டுச் சமையல் இல்லை, அண்டாச் சமையல். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானம் அவள் பொறுப்பு. அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள்தான் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம் எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் கோயில் கரண்டி கையை விட்டுப் போகும். அதோடு தாயும் மகளும் சாப்பிடும் சோறும் போகும். சோற்றில் ஏறி வரும் கிருமி இல்லை அது, எங்களுக்குத் தெரியும். ஊருக்கு யார் பாடம் எடுப்பது?

அதே லயத்தின் கோடி வீட்டில் கோயில் தலைவர் இருந்தார். மனைவி இல்லை, மகன் சிங்கப்பூரில். மீசையும் குரலுமாக ஒரு மனிதர். என் வேன் வருவதைப் பார்த்தாலே வாசலுக்கு வந்துவிடுவார்.

“வந்துட்டியா மிஸ்ஸி? எங்க வீட்டத் தவிர உனக்கு வேற வீடே கெடைக்கலியா?”

“உங்க வீட்லதான் ஜெந்திக் ஜாஸ்தி. நான் என்னா செய்யட்டும்?”

“நான் கோயில் தலைவரு! என் வீட்ல ஜெந்திக்கா?”

“தலைவர் வீடுன்னு கொசுவுக்குத் தெரியுமா?”

இப்படிக் கத்திக்கொண்டே உள்ளே போவோம். பின்கட்டு வரை சண்டை கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து நான் சீசாவில் நெளியும் புழுக்களோடு வெளியே வந்து, லயத்து ஜனங்கள் எல்லோரும் பார்க்க அதை ஆட்டிக் காட்டுவேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். “அவரு வீட்ல ரொம்ப நேரம் இருக்கீங்களே மிஸ்ஸி, அவ்ளோவா கெடக்கு?” என்று ராணிகூட ஒருநாள் கேட்டாள். “வண்டி வண்டியா கெடக்கு” என்றேன்.

ஒரு வருஷம் திருவிழா நெருங்கும் சமயம், ராணி டவுன் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகவில்லை என்று எனக்குத் தகவல் வந்தது. தேதி தவறாத பெண் அவள். மறுநாளே டார்ச் லைட்டோடு லயத்தில் இறங்கி, வரிசையாக வீடு வீடாக நுழைந்து அவள் வீட்டுக்கு வந்தேன். மஞ்சள் சேலை, கையில் மஞ்சள் காப்பு. வாசலில் வேப்பிலை தொங்கியது.

“ஏன் போகல?”

“காப்பு கட்டிட்டேனே மிஸ்ஸி. தீமிதி முடியற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாதுல்ல?”

அன்னதானம் சமைப்பவள் காப்புக் கட்டியே ஆக வேண்டும். எனக்கும் தெரிந்த வழக்கம்தான், தேதியைப் பொருத்திப் பார்க்க விட்டுவிட்டேன். சரி, மருந்தை நாமே கொண்டுவந்து தந்தால் முடிந்தது என்று எண்ணி, “வீட்ல எவ்ளோ மிச்சம் இருக்கு? போத்தலக் காட்டு” என்றேன். அவள் சேலைத் தலைப்பைத் திருக ஆரம்பித்தாள்.

“போத்தலு இங்க இல்ல மிஸ்ஸி.”

“எங்க?”

“அந்தக் கேப்சூலு கூடு மாட்டுத் தோல்ல செய்யறதாமே! பஸ்ல ஒரு அம்மா சொன்னாங்க. காப்பு கட்டுன வீட்ல எப்படி மிஸ்ஸி வச்சிருக்கறது? கருவாடு, பெலாச்சான், முட்டை எல்லாத்தையும் அஞ்சலை வீட்ல குடுத்து வச்சப்ப அதையும் பொட்டலத்துல சேத்துக் கட்டிட்டேன்.”

அஞ்சலை பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டில் அந்த வருஷம் யாரும் காப்புக் கட்டவில்லை. விரதக்காரர்கள் வீட்டிலுள்ள கவிச்சியைத் திருவிழா முடியும்வரை விரதம் இல்லாத வீட்டில் கொடுத்து வைப்பது நம்மவர்கள் பழக்கம். எச்.ஐ.வி. மருந்தைக் கருவாட்டோடு சேர்த்து அடைக்கலம் கொடுத்த முதல் ஆள் இவளாகத்தான் இருப்பாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

“மத்த மருந்து?”

“அது வில்லைதானே, தெனம் போடறேன். கேப்சூல மட்டும்தான் விட்டுட்டேன்.”

அதுதான் இன்னும் ஆபத்து. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால்தான் கிருமி அடங்கும். ஒன்றை விட்டு மற்றதைப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் எதற்கும் மசியாது. அதைச் சொன்னதும் அவள் முகம் வெளிறிவிட்டது. “என் மவ பரீட்சைக்கு வேண்டிக்கிட்டுதான் மிஸ்ஸி தீ மிதிக்கறேன்” என்றாள்.

டாக்டர் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“நோம்பு மாசத்துல எங்காளு ஒருத்தர் இதே கேள்வியத்தான் கேட்டாரு. அவருக்கு மாடு பரவால்ல, பன்னி ஆவாது. ராணிக்கு இப்ப ரெண்டும் ஆவாது. மருந்து குடுக்கறப்பவே கேட்டுத் தொலைச்சிருக்கணும், நாம கேக்கல. அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க.”

உடனே ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு டெலிபோன் போட்டார். அதே மருந்து வில்லையாகவும் வருகிறது என்றார்கள். கூடில்லாத சுத்த சைவம். மறுநாள் வில்லைகள் ஒரு புத்தம்புதுக் கொசு மருந்து டப்பாவுக்குள் உட்கார்ந்து என்னோடு வேனில் வந்தன. ராணியின் சமையலறையில் தேங்காய் மட்டைகளுக்கு நடுவில் ரத்தம் எடுத்தேன். சாயந்திரம் சாமி விளக்கு ஏற்றும் நேரத்தில் வில்லையைப் போட்டுக்கொள்வதாக அவளே முடிவு செய்தாள். அதைவிடத் தவறாத நேரம் எந்த டாக்டராலும் குறித்துக் கொடுக்க முடியாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்தப் பொட்டலத்தை மறந்துவிட்டேன்.

அஞ்சலை கெட்டவள் இல்லை. எறும்பு மொய்க்கிறதே என்று பொட்டலத்தைப் பிரித்தாளாம். போத்தலைப் பார்த்து, இது என்ன மருந்து என்று மகனிடம் கேட்டிருக்கிறாள். மகன் கைப்பேசியில் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறான். அன்னதானத்துக்கு முதல் நாள் லயம் முழுக்கக் கிசுகிசு. டாக்டர் எதற்குப் பயந்தாரோ அதுதான்.

அன்னதானத்தன்று நானும் போயிருந்தேன். கோயிலுக்குப் பக்கத்துப் பொது மண்டபமான பாலாயில் இலை போட்டாகிவிட்டது. சாம்பார் மணக்கிறது. ஒருவரும் உட்காரவில்லை. “பசியில்ல.” “இப்பத்தான் ரொட்டி சாப்ட்டேன்.” “பெரியவங்க மொதல்ல ஒக்காரட்டும்.” சுவர் ஓரமாக நின்று ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். அண்டாவுக்குப் பின்னால் ராணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் ஒரு தண்ணீர் ஜக்கோடு ஒன்றும் விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் உட்காரலாம் என்று காலைத் தூக்கினேன். தூக்கிய காலை அப்படியே வைத்துவிட்டேன். மிஸ்ஸியே முதலில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினால், ‘பார், விஷயம் உண்மைதான்’ என்று நானே முத்திரை குத்தியது போலாகும். ஒரு மிஸ்ஸியாக இருந்ததற்காக நான் அழுத நாள் அது ஒன்றுதான். அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன் என்று சொல்வதுதான் சரி.

அப்போது வாசலில் அந்தக் குரல் கேட்டது.

“என்னா மிஸ்ஸி, இங்கயும் வந்துட்டியா? சாம்பார் அண்டாவுல டார்ச் அடிச்சுப் பாத்தியா, ஜெந்திக் இருக்கான்னு?”

தலைவர். மீசையை நீவிக்கொண்டு நேராக வந்தார். சுவர் ஓரம் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“என்னாங்கடா, படம் புடிக்கவா நிக்கறீங்க?”

யாரோ அவர் காதோரம் போய் ஏதோ சொன்னார்கள். போத்தல், மருந்து என்ற சொற்கள் என் காது வரை வந்தன. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம் கூரை அதிரக் கத்தினார்.

“மருந்தா? இங்க யாரு வீட்லடா மருந்து இல்ல? சக்கரைக்கு, பிரஷருக்கு, முட்டிக்குன்னு ஆளுக்கொரு பை வச்சிருக்கீங்க! இந்தத் தோட்டத்துல மாத்திரை போடாத சீவன் கோயில் நாய் ஒண்ணுதான். அத வேணா சமைக்கச் சொல்லட்டுமா?”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். தலைவர் முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“ராணி! போடும்மா சோறு. மிஸ்ஸியோட சண்ட போட்டுப் போட்டு எனக்குப் பசி உயிர் போவுது. அஞ்சலை, என்னா வேடிக்கை? இப்படிப் பக்கத்துல வந்து ஒக்காரு.”

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் இலை பற்றவில்லை. நானும் கூட்டத்தோடு கூட்டமாக மூன்றாவது பந்தியில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன். அந்தக் கிசுகிசு இன்னும் சில காலம் இழுத்துக்கொண்டு கிடந்து தானாக அடங்கியது. தலைவர் சாப்பிட்ட சாம்பாரைக் குறை சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. அடுத்து எடுத்த ரத்தத்தில் ராணியின் கிருமி, கருவிக்கே தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தது. அந்தச் சேதியை அவளிடம் சொன்னபோது டாக்டர் தன் கையாலேயே தண்ணீர் கொடுத்தார். அறையில் இருந்த எல்லோருக்கும்தான்.

நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். ராணி மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். இன்னமும் அண்டாவோடுதான் இருக்கிறாள். கொஞ்ச காலத்துக்கு முன் அவளிடமிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பில் மூச்சு வாங்கினாள்.

“மிஸ்ஸி! இப்பல்லாம் மருந்து பக்கத்து கிளினிக்லயே தராங்கல்ல? இன்னிக்குப் போனேன். எனக்கு முன்னால யாரு ஒக்காந்திருந்தா தெரியுமா? தலைவரு!”

“அப்படியா? சக்கரைக்கு வந்திருப்பாரு” என்றேன். பழைய பழக்கம் விடுமா?

“போங்க மிஸ்ஸி! அதே ரூமு, அதே மருந்து. நான் அப்படியே ஷாக்காயி நிக்கறேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, ‘என்னா ராணி, உனக்கும் ஜெந்திக்கா?’ன்னு கேட்டாரு!”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த லயத்தில் நான் பார்க்கப் போன வீடுகள் இரண்டு. ராணியைவிட முன்னாலேயே தலைவர் என் ஆள். அவரைப் பற்றி அவளுக்கும், அவளைப் பற்றி அவருக்கும் நான் மூச்சுவிட்டதில்லை. வாசலில் அவர் போட்ட சத்தமெல்லாம் டாக்டர் சொல்லிக்கொடுத்த பாடம். கதவுக்கு வெளியே ‘வந்துட்டியா’ என்பவர், பின்கட்டுக்குப் போனதும் ‘ஒக்காருங்க மிஸ்ஸி’ என்று ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். லயத்திலேயே பளிச்சென்று இருந்த வீடு அவருடையது, தேடினாலும் ஒரு புழு கிடைக்காது. சீசாவில் நான் ஆட்டிக் காட்டியதெல்லாம் எங்கள் கிளினிக்குக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் நானே பிடித்து, பையில் ஒளித்துக் கொண்டுபோனவை.

இதையெல்லாம் சொன்னதும் ராணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அன்னிக்கு அவரு காதுல விழுந்தது வெறும் கிசுகிசுதானே, எனக்கு நெசமாவே இருக்குன்னு அவருக்குத் தெரியாதுல்ல மிஸ்ஸி?”

“தெரியாது.”

“நெசமா பொய்யான்னு தெரியாமலே மொத எலையில வந்து ஒக்காந்தாரே...”

போனைக் காதில் வைத்தபடி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, நல்லவேளை, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். “எழுதுங்க, ஆள் மட்டும் தெரியக் கூடாது” என்றார்கள். அதனால் பெயர், ஊர், மீசை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

இந்த வருஷத் திருவிழா முடிந்த கையோடு ராணி மறுபடியும் கூப்பிட்டாள். தலைவர் இலையில் அவள் வடை இரண்டு கூடுதலாக வைத்தாளாம். பக்கத்து இலைக்காரர் விடவில்லை. “அவருக்கு மட்டும் என்னா ஸ்பெஷலு?” என்று கேட்டிருக்கிறார்.

“நீ என்னா சொன்ன?” என்றேன்.

“பாலாயே கேக்கற மாதிரி கத்துனேன் மிஸ்ஸி. ‘இந்த வருசம் தலைவர் வீட்ல ஒரு ஜெந்திக் கூட இல்லையாம், அதுக்குப் பரிசு’ன்னு!”